நாலு நடக்குது, உயரம் 91 செ.மீ. தான்: பிள்ளை வளருதா இல்லையா?

தக்கலைஅம்மா
பெண் பிள்ளை. நாலு வயசு நடக்குது. நேத்து அளந்தப்போ உயரம் 91 செ.மீ., எடை 11.9 கிலோ. அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில "வயதுக்கேற்ற உயரம் இல்லை"ன்னு எழுதித் தந்திருக்காங்க. பழைய அளவு: பிறந்தப்போ 38 வாரம், 2.4 கிலோ. ஒரு வயசுல 69.5 செ.மீ., 7.6 கிலோ. ரெண்டு வயசுல 80.5 செ.மீ., 9.6 கிலோ. அப்பா 165, நான் 150. ஓட்டம் சாட்டம் எல்லாம் உண்டு, பேச்சு நல்லா இருக்கு, பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. சாப்பாடுதான் இழுபறி. காலையில பாலும் பிஸ்கட்டும், மத்தியானம் ரெண்டு வாய் சோறு, சாயங்காலம் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வேணும்பா. ராத்திரி மறுபடி பால். எந்த டாக்டர்கிட்ட போறது, என்ன டெஸ்ட் எடுக்கிறது? சொந்தக்காரங்க பாக்கிறப்போ எல்லாம் "பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலியா"ன்னு கேக்காவ.

அளவுகோல்
டெஸ்டுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பிறந்த தேதிப்படி எத்தனை வருஷம், எத்தனை மாசம் முடிஞ்சிருக்கு? "நாலு நடக்குது"ன்னா மூணு முடிஞ்சு மூணே கால் ஆகவும் இருக்கலாம், மூணே முக்கால் ஆகவும் இருக்கலாம்.

தக்கலைஅம்மா
மூணு முடிஞ்சு ரெண்டு மாசம்.

அளவுகோல்
அதான். அட்டையில எழுதினவங்க 4 வயசுக் கட்டத்துல புள்ளி வச்சிருக்காங்க. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுப்படி பெண் பிள்ளைகளுக்கு:

3 வயசு முடிஞ்ச அன்னைக்கு நடு உயரம் 95.1, கீழ்க்கோடு 87.4.
4 வயசு முடிஞ்ச அன்னைக்கு நடு உயரம் 102.7, கீழ்க்கோடு 94.1.

"குட்டை"ன்னு எழுதறது அந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால்தான். 91-ஐ 4 வயசுல வச்சா கோட்டுக்குக் கீழே விழும். உண்மையான வயசு 38 மாசம். அங்கே கீழ்க்கோடு 88½ பக்கம், நடு உயரம் 96 சொச்சம். 91 கோட்டுக்கு மேலே நிக்குது. சின்னப் பிள்ளைதான், ஆனா கோட்டுக்குள்ளே இருக்கிற சின்னப் பிள்ளை. எடையும் அப்படித்தான்: 3 வயசுல நடு எடை 13.9, கீழ்க்கோடு 10.8. 11.9 உள்ளேதான் வருது. 91 செ.மீ. உயரத்துக்கு 11.9 கிலோ மெலிவும் இல்லை.

நம்ம ஊர்ல வயசு சொல்ற வழக்கமே நடக்கிற வயசுதான். ஜாதகம் பாக்கவும் பள்ளியில சேர்க்கவும் அது போதும். வளர்ச்சிப் படத்துல அது பத்து மாசத்தைத் தூக்கி எங்கேயோ வச்சிடும். மாசக் கணக்குல சொல்லுங்க, மாசக் கணக்குல எழுதச் சொல்லுங்க.

இனி முக்கியமான பாகம். ஒரு புள்ளியை வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது. நீங்க தந்த மூணு புள்ளியையும் சேர்த்து வச்சுப் பாருங்க. 1 வயசுல நடு உயரம் 74.0, உங்க பிள்ளை 69.5, குறைவு 4.5. 2 வயசுல நின்னு அளந்த நடு உயரம் 85.7, உங்க பிள்ளை 80.5, குறைவு 5.2. இப்போ குறைவு 5.4 பக்கம். வயசு கூடக் கூட கோடுகளுக்கு இடையில இருக்கிற இடைவெளியே அகலமாகும், அதனால இந்தக் குறைவு கூடினதா அர்த்தம் இல்லை. பிள்ளை ஒரே தடத்துல போறா. ரெண்டு வயசுக்கு அப்புறம் 14 மாசத்துல 10.5 செ.மீ. வளர்ந்திருக்கா. வளராத பிள்ளை இப்படிப் போகாது.

பறளியாறு
இந்தக் கணக்கெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளை வச்சுப் போட்டது. நம்ம பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்? எல்லாரும் குட்டைன்னுதான் வரும்.

அளவுகோல்
1997 முதல் 2003 வரை ஆறு நாட்டுல எடுத்த அளவு அது: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியாவுல தெற்கு டெல்லியில எடுத்தாங்க. தாய்ப்பால் குடிச்ச, அம்மா புகை பிடிக்காத, வசதிக்குக் குறைவில்லாத குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் சேர்த்தாங்க. அஞ்சு வயசு வரைக்கும் ஆறு நாட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒண்ணா வளர்ந்ததுதான் அந்த ஆய்வுல முக்கியமான விஷயம். அஞ்சு வயசுக்கு மேலே இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல தனிப் படம் போட்டிருக்கு. 5 வயசு தாண்டினதும் எந்தப் படத்தை வச்சுப் பாக்கிறாங்கன்னு கேட்டுக்கோங்க. படம் மாறும்போது புள்ளி குதிக்கிற மாதிரி தெரியும்.

அங்கன்வாடி_குலசேகரம்
எங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். ஒரு நாள்ல முப்பது பிள்ளைகளை அளக்கிறோம். அழுவுது, குதிகாலைத் தூக்குது, கழுத்தைச் சுருக்குது. ரெட்டைச் சடை போட்டு, மேலே பூவும் வச்சு அனுப்புவாங்க. அதுல ஒரு செ.மீ. கூடிப் போகும். அடுத்த மாசம் மொட்டை போட்டுட்டு வரும், ஒரு செ.மீ. குறைஞ்சு போகும். அளக்கிற அன்னைக்குத் தலையை இறுக்கிக் கட்டாம விடுங்க. பிறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு தந்து வையுங்க. போன்ல பதியற செயலியில பிறந்த தேதி சரியா இருந்தா வயசை அதுவே மாசமாக்கிக்கும். தேதியைத் தப்பா ஏத்திட்டா எல்லா மாசமும் தப்பு.

தக்கலைஅம்மா
வீட்டிலேயே அளக்கலாமா? தையல் டேப் இருக்கு.

அளவுகோல்
தையல் டேப் வேண்டாம், இழுபடும். தச்சு வேலைக்கு வச்சிருக்கிற இரும்பு டேப் எடுங்க.

இடம்: இப்போ எல்லா வீட்டுலயும் சுவர் அடியில டைல் ஒட்டியிருக்கு. அது ஒரு செ.மீ. துருத்திட்டு நிக்கும், குதிகால் ஒட்டாது. அதனால சுவரை விட்டுட்டு, கதவு நிலையோட பக்கம், இல்லேன்னா இரும்பு அலமாரியோட பக்கவாட்டு. தரை சமமா இருக்கணும். பாய், மிதியடி கூடாது.

நிறுத்தறது: செருப்பு, சாக்ஸ் கழட்டி, சடையை அவிழ்த்து நிறுத்துங்க. குதிகால் ரெண்டும் சேர்ந்து பின்னாடி ஒட்டணும். முட்டி மடங்கக் கூடாது. ஒருத்தர் குனிஞ்சு முட்டியையும் கணுக்காலையும் பிடிச்சுக்கணும். இடுப்பும் தோளும் ஒட்டணும். தலையோட பின்பக்கம் ஒட்டாட்டி பரவாயில்லை, பிள்ளைகளுக்கு முதுகு உடம்பு அமைப்புப்படி நிக்கும். பார்வை நேரா: காதுத் துளையும் கண்குழியோட அடிவிளிம்பும் ஒரே மட்டத்துல வரணும். எல்லாரும் பண்ற தப்பு "மேலே பாரு மக்களே"ன்னு சொல்றதுதான். மேலே பாத்தா உச்சி பின்னாடி சாயும், அளவு குறையும்.

அளக்கறது: தலைமேல தச்சரோட மூலைமட்டம் வையுங்க. அது இல்லாட்டி கெட்டி அட்டைப் புத்தகம், புத்தகத்தோட முதுகு கதவு நிலையோட ஒட்டுற மாதிரி. முடி அமுங்கற அளவு அழுத்தி, பென்சிலால கோடு. பிள்ளையை விலக்கிட்டு தரையிலிருந்து கோடு வரைக்கும் டேப் பிடிச்சு மில்லிமீட்டர் வரை படிங்க. மூணு தடவை பண்ணணும், ஒவ்வொரு தடவையும் பிள்ளை இறங்கி வந்து நிக்கணும். மூணும் அரை செ.மீ.க்குள்ளே இருந்தா சராசரி எடுங்க. இல்லேன்னா மறுபடி.

நேரம்: காலையில எடுத்தா எப்பவும் காலையில. நாள் முழுக்க ஓடினா முதுகுத் தண்டு அமுங்கி சாயங்காலம் ஒரு செ.மீ. வரைக்கும் குறையலாம்.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை: ஆறு மாசம். மாசா மாசம் அளந்தா மனசுதான் கெடும். இப்படிப் பாருங்க: நல்லா அளந்தாலும் ஒவ்வொரு தடவையும் அரை செ.மீ. பிசகு வரலாம். ரெண்டு அளவுலயும் எதிரெதிரா பிசகினா ஒரு செ.மீ. மூணு மாச இடைவெளியில அந்த ஒரு செ.மீ. வருஷத்துக்கு நாலு செ.மீ. வித்தியாசமா கணக்குல வரும்.

ஒரு குறிப்பு விட்டுப் போச்சு. 2 வயசு வரைக்கும் படுக்க வச்சு அளப்பாங்க, அதுக்கு மேலே நிக்க வச்சு. படுத்த அளவு 0.7 செ.மீ. கூட இருக்கும். ரெண்டு வயசுல "உயரம் குறைஞ்சு போச்சு"ன்னு பயப்படறவங்க நிறைய பேருக்கு இதுதான் காரணம்.

பறளியாறு
சரி, அளவு சரியாவே இருக்கட்டும். சும்மா இருக்கச் சொல்றீங்களா? உயரமாக்கற பவுடர் கலந்து ரெண்டு நேரம் குடுத்தா என்ன நஷ்டம்? கம்பியில தொங்க விடச் சொல்றாங்க, அதுவும் நல்லதுதானே.

மட்டிப்பழம்
நஷ்டம் உண்டு. அதுல பெரும் பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையும். ரெண்டு டம்ளர் பாலோட கலந்து குடிச்ச பிள்ளைக்கு மத்தியானம் பசிக்காது. "ஆரோக்கிய பானம்"ங்கிற வகைக்கு இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரல்ல இணைய விற்பனைத் தளங்கள் அந்தத் தலைப்புல இருந்து இந்த மாதிரிப் பொருள்களை எடுக்கணும்னு ஒன்றிய அரசே சொல்லிச்சு. டப்பா மேலே இருக்கிற வளர்ந்த பிள்ளை படத்தை நம்பாதீங்க.

புரோட்டீன் கணக்கைப் பாப்போம். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12, 13 கிராம் புரதம் போதும். 400 மி.லி. பசும்பால்லயே 13 கிராம் இருக்கு. ஒரு முட்டையில 6. கைப்பிடி மீன் சதை 30 கிராமுக்கு 6. இந்தப் பிள்ளைக்குக் குறையறது புரதமே இல்லை. குறையறது மொத்தச் சாப்பாடும் இரும்பும். பால் நிறையக் குடிக்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறையும். பால்ல இரும்பு ரொம்பக் கொஞ்சம், அதோட மத்த சாப்பாட்டு இரும்பு உடம்புல சேர்றதையும் அது கெடுக்கும். இரும்பு குறைஞ்சா பசி குறையும், பசி குறைஞ்சா மறுபடி பால். அந்த வட்டம் அப்படியே சுத்திட்டு இருக்கும்.

தொங்கறது விளையாட்டுக்கு நல்லது. எலும்பு நீள அதுல ஒண்ணும் இல்லை.

தக்கலைஅம்மா
அப்போ என்ன குடுக்கணும்? விவரமா சொல்லுங்க எக்கா. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பால் போகுது.

மட்டிப்பழம்
முதல்ல பால் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 150 முதல் 200 மி.லி. மட்டும். டம்ளர்ல, பாட்டில்ல இல்லை. ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. ஒவ்வொரு மூணு நாளுக்கும் ஒரு டம்ளரைக் குறைங்க, காலையில எழும்பின உடனே குடுக்கிற பாலை முதல்ல எடுங்க. முதல் வாரம் பிள்ளை அழும், எடையும் 100, 200 கிராம் இறங்கலாம். அதைப் பாத்து பாட்டிமார் பாலைத் திரும்பக் கொண்டு வருவாங்க. அதுலதான் எல்லாம் கெடும்.

பிறகு நேரம். சின்ன வயிறு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிரப்பணும், நடுவுல தண்ணி மட்டும். ஏழரைக்குக் காலைச் சாப்பாடு, பத்தரைக்கு ஒரு சின்னது, ஒண்ணரைக்குச் சோறு, நாலரைக்கு ஒரு சின்னது, ஏழரைக்கு ராத்திரிச் சாப்பாடு. நடுவுல ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய், கட்டன் சாயா (பால் விடாத டீ) ரெண்டு மடக்கு குடுத்தாலும் அடுத்த வேளை போச்சு. சாயா எப்படியும் பிள்ளைக்கு வேண்டாம், இரும்பு சேர்றதை அது தடுக்கும்.

என்னதான்னா, நம்ம ஊர்ல இருக்கிறதே போதும். காலையில ரெண்டு இட்லி, இல்லேன்னா புட்டும் பயறும். முட்டை தினம் ஒண்ணு. மத்தியானம் முக்கால் கப் சோறு, குழைச்சு, மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். ஒரு ஸ்பூன் எண்ணெய்ல 40 கலோரிக்கு மேலே. தட்டோட அளவு கூடாம சத்து கூடற வழி அதுதான். கஞ்சித்தண்ணியாவும் ரசமாவும் ஊட்டறது வயித்தைத் தண்ணியால நிரப்பற வேலை.

மீன்ல சாளையும் (மத்தி) நெத்திலியும்தான் பிள்ளைக்குச் சிறந்தது, விலையும் கம்மி. நெத்திலியை முள்ளோட மையா வேக வச்சா சுண்ணாம்புச் சத்தும் சேரும். சாளையில நடு முள்ளை எடுத்துட்டு சதையை விரலால நசுக்கிப் பாத்துட்டுக் குடுங்க.

மரச்சீனியைப் பழிக்க மாட்டேன். அது மாவுச்சத்து, 100 கிராம்ல புரதம் ஒரு கிராம் பக்கம்தான். மீன் கறியோடயோ பயறோடயோ குடுத்தா நல்ல சாப்பாடு, வெறும் மரச்சீனியா குடுத்தா வயிறு நிறைஞ்ச ஏமாத்து. தோலை உரிச்சு, சின்னதா வெட்டி, நிறையத் தண்ணியில திறந்து வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும்.

சின்ன வேளைக்கு: நெய் விட்டு அவிச்ச ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) பாதி, அல்லது மட்டிப்பழம் ரெண்டு. (நம்ம மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு 2023-ல கிடைச்சுது, பேரு வச்சதுக்கு ஒரு பெருமை!) அல்லது நிலக்கடலையும் கருப்பட்டியும் இடிச்ச உருண்டை. முழுக் கடலை 5 வயசு வரைக்கும் வேண்டாம், மூச்சுக்குழல்ல போகும். மழைக் காலத்துல பூசண வாடை வந்த கடலையை வறுத்தாலும் சரியாகாது, தூக்கிப் போடுங்க. கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டணும், மண் இருக்கும்.

சாளைபுளிமுளம்
ஏத்தங்காய் மாவும் சொல்லுங்க. முற்றின பச்சைக் காய், தோல் சீவி, நாணயக் கனத்துல வட்டமா அரிஞ்சு, நல்ல வெயில்ல மூணு நாள். ஒடிச்சா "டக்"குன்னு ஒடியணும். வளைஞ்சா ஈரம் இருக்கு, பூசணம் பிடிக்கும். அரைச்சு சலிச்சு காத்துப் புகாத டப்பாவுல. ஆனா அது தனியா மாவுதான். ரெண்டு மேசைக்கரண்டி மாவுக்கு ஒரு கரண்டி வறுத்த சிறுபயறு மாவு சேர்த்து பால்ல காய்ச்சி, இறக்கறப்போ அரை ஸ்பூன் எண்ணெய் விட்டாதான் அதுல உயிர் இருக்கும். ஆனியிலயும் ஐப்பசியிலயும் மழை ரெண்டு தடவை வர்ற ஊரு. வெயில் இல்லாத நாள்ல அரியாதீங்க.

தக்கலைஅம்மா
வாயில சோத்தை ஒதுக்கி வச்சிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கா. போன்ல கார்ட்டூன் வச்சா இறங்குது.

மட்டிப்பழம்
கார்ட்டூன் வச்சா இறங்குது, பசிச்சு இறங்கலை. பசி, நிறைவு ரெண்டும் பிள்ளைக்குத் தெரியாம போயிடும். 25 நிமிஷம், அதுக்கு மேலே தட்டை எடுத்துடுங்க. திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், பதிலுக்குப் பாலும் வேண்டாம். அடுத்த நேரம் வரைக்கும் தண்ணி மட்டும். என்ன, எப்போ, எங்கே என்கிறது உங்க வேலை. எவ்வளவு என்கிறது அவ வேலை. முதல்ல தட்டுல ரெண்டு கரண்டி மட்டும் வையுங்க, கேட்டா இன்னும் குடுக்கலாம். குவிச்சு வச்ச தட்டைப் பாத்தாலே பிள்ளை மலைக்கும். ஒதுக்கி வைக்கிறது தினமும்னா பல் சொத்தையும் தொண்டையும் பாக்கணும். டான்சில், அடினாய்டு பெருசா இருக்கிற பிள்ளை வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், கெட்டியானதை விழுங்கத் திணறும்.

பாலர்நலம்
இந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு டெஸ்ட் அவசியம் இல்லைங்கிறதுதான் என் கருத்து. ஹீமோகுளோபின் மட்டும் பாருங்க, பால் அளவைக் கேட்டதும் அந்தச் சந்தேகம் வருது. 2 வயசு முதல் 5 வயசு வரைக்கும் 11-க்குக் கீழே இருந்தா ரத்தசோகை.

பெற்றோர் உயரக் கணக்கு: பெண் பிள்ளைக்கு அப்பா உயரமும் அம்மா உயரமும் கூட்டி, 13 கழிச்சு, பாதி. 165 + 150 − 13 = 302, பாதி 151. அதுக்கு மேலேயும் கீழேயும் எட்டரை செ.மீ. வரைக்கும் இயல்பு. இந்தப் பிள்ளை போற தடம் இந்த வீட்டுத் தடம்தான். 165-க்கும் 150-க்கும் பிறந்தவ 170 வரணும்னு எதிர்பார்க்கறவங்கதான் பவுடர் கடைக்காரருக்கு வாடிக்கை.

2.4 கிலோ என்கிறது 2.5-க்குக் கீழே, எடை குறைஞ்சு பிறந்த குழந்தைக் கணக்குல வரும். வயித்துல வளர்ச்சி குறைஞ்சு பிறந்த பிள்ளைகள்ல பத்துக்கு எட்டொன்பது பேர் 2 வயசுக்குள்ளே மத்தவங்களை எட்டிப் பிடிச்சிடுவாங்க. மீதிப் பேர் சின்னதாவே தொடர்வாங்க. 4 வயசுலயும் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தா ஹார்மோன் மருத்துவரைப் பாக்கணும், அதுக்குச் சிகிச்சை உண்டு. உங்க பிள்ளை கோட்டுக்கு மேலே இருக்கறதால ஆறு மாசத்துக்கு ஒரு அளவு போதும்.

கொல்லங்கோடு
இதையே படிச்சிட்டு எங்க பிள்ளை அளவை எடுத்துப் பார்த்தேன். 4 வயசு 9 மாசம், பெண். 98 செ.மீ. சரியா ஒரு வருஷம் முன்னாடி 94.5. ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே அளவுகோல்ல. எடை 15.8-ல இருந்து 18 ஆயிருக்கு. நல்லா புஷ்டியா இருக்கான்னு எல்லாரும் சொல்றதால யாரும் கவனிக்கலை. மலம் மூணு நாளுக்கு ஒரு தடவை. இதுக்கும் பொறுத்திருக்கலாமா?

பாலர்நலம்
பொறுக்காதீங்க. இந்த வாரமே போங்க.

வளர்ச்சி வேகத்தைப் பாருங்க. முதல் வருஷம் 25 செ.மீ., ரெண்டாம் வருஷம் 12, மூணாம் வருஷம் 8 பக்கம், அதுக்கு அப்புறம் 6, 7. நாலு வயசுக்கு மேலே வருஷத்துக்கு 5-க்குக் கீழே போனா காரணம் தேடணும். உங்க பிள்ளை 3.5. ஒரு வருஷம் முன்னாடி நடுக்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில இருந்தவ இப்போ கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கா. தக்கலைஅம்மாவோட பிள்ளை சின்னது, ஆனா தடம் மாறலை. இது தடம் மாறுது.

இன்னொண்ணு. சாப்பாடோ நாள்பட்ட நோயோ காரணமா இருந்தா முதல்ல எடை குறையும், உயரம் அப்புறம்தான் நிக்கும். உயரம் நின்னுட்டு எடை ஏறினா ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாக்கணும். மலச்சிக்கலும் சேர்ந்தா முதல் சந்தேகம் தைராய்டு. குளிர் தாங்காமை, மந்தம், வறண்ட தோல், பால் பல் விழுவது தாமதம், இதெல்லாம் கூட வரும்.

கேட்க வேண்டிய பரிசோதனை: தைராய்டுக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4; முழு ரத்த எண்ணிக்கை; உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்க இஎஸ்ஆர்; சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின்; எலும்புக்குக் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ்; சிறுநீர். இடது கை மணிக்கட்டு எக்ஸ்-ரே, எலும்பு வயசு தெரிய. பிறகு பெண் பிள்ளை குட்டையா இருந்து காரணம் கிடைக்கலைன்னா குரோமோசோம் பரிசோதனை கண்டிப்பா. டர்னர் சிண்ட்ரோம் (ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுசாவோ பாதியாவோ இல்லாத நிலை) 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகள்ல ஒருத்திக்கு வரும். கழுத்து அகலம், பிடரி முடி தாழ்வு, பிறந்தப்போ கைகால் புறங்கள்ல வீக்கம் இதெல்லாம் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பார்வைக்கு நல்லா இருக்கான்னு அதை விட்டுடக் கூடாது. பருவ வயசுல கண்டுபிடிச்சா உயரத்துக்கான ஊசிக்கு நேரம் கழிஞ்சிருக்கும்.

ரிப்போர்ட்டைப் படிச்சு நீங்களே பயப்படாதீங்க. அல்கலைன் பாஸ்பட்டேஸ் பக்கத்துல "அதிகம்"னு போட்டிருக்கும். அந்த எல்லை பெரியவங்களோடது, வளர்ற பிள்ளைக்கு இயல்பாவே ரெண்டு மூணு மடங்கு வரை கூட இருக்கும். பிள்ளைகளுக்கான எல்லையை வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

ஆஸ்துமாவுக்கோ இழுப்புக்கோ அடிக்கடி வாய்வழி ஸ்டீராய்டு சொட்டு மருந்து குடுத்ததுண்டா? பீட்டாமெத்தசோன் மாதிரி? மருந்துக் கடையில கேட்டதும் குடுத்துடறாங்க. அதுவும் உயரத்தை நிறுத்தி எடையை ஏத்தும். பாட்டிலை எடுத்துட்டுப் போங்க, ஆனா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. வாயால இழுக்கிற இன்ஹேலர் வேற, அது உயரத்தைப் பாதிக்கிறது ரொம்பக் கொஞ்சம். இழுப்பை அடக்காம விட்டாத்தான் வளர்ச்சி கெடும்.

கொல்லங்கோடு
எங்கே போகணும்? ஆசாரிபள்ளமா, திருவனந்தபுரமா?

பாலர்நலம்
முதல்ல குழித்துறை அரசு மருத்துவமனையோ ஆசாரிபள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியோ, குழந்தைகள் பிரிவு. தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. உங்க ஊருக்குத் திருவனந்தபுரம் பக்கம், எஸ்.ஏ.டி. மருத்துவமனை தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஆனது. அங்கே போனாலும் சரி. ரெண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போகாதீங்க. ஒரே இடத்துல ஒரே அளவுகோல்ல அளந்தாதான் வேகம் தெரியும். தைராய்டுன்னு உறுதியானா மாத்திரை காலையில வெறும் வயித்துல, தண்ணியோட. அதுக்கப்புறம் அரை மணி நேரத்துக்குப் பால் கிடையாது. இரும்புச்சத்து மருந்தும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளி. சேர்த்துக் குடுத்தா மாத்திரை உடம்புல ஏறாது. டோஸ் பத்தலைன்னு நினைச்சு கூட்டிட்டே போவாங்க.

சாளைபுளிமுளம்
கடற்கரை ஓரத்துல இருக்கோம், அயோடின் குறையுமா?

பாலர்நலம்
குறையலாம். கடல் காத்துல அயோடின் கிடைக்கும்னு சொல்றது வெறும் பேச்சு. மீன்ல கொஞ்சம் உண்டு, அது மட்டும் போதாது. பரல் உப்பு (கல் உப்பு) பல வீட்டுல அயோடின் சேர்க்காததுதான். மரச்சீனி அதிகம் சாப்பிடற வீட்டுல அது இன்னும் முக்கியம். சரியா வேகாத மரச்சீனியில இருந்து வர்ற ஒரு பொருள் தைராய்டுக்கு அயோடின் போறதைத் தடுக்கும். பாக்கெட் அயோடின் உப்பு, மூடியுள்ள டப்பாவுல, கறி இறக்கறப்போ போடுங்க. திறந்த சிரட்டையில அடுப்புப் பக்கம் வச்சா அயோடின் ஆவியாப் போயிடும்.

அங்கன்வாடி_குலசேகரம்
ரப்பர் தோட்டப் பக்கம் இருக்கிறவங்க பூச்சி மருந்தை மறக்காதீங்க. வெறுங்காலோட ஈர மண்ணுல நடக்கற பிள்ளைக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாவே ஏறும், குடல்ல இருந்து ரத்தத்தை உறிஞ்சும். அல்பெண்டசோல் 1 வயசு முதல் 2 வயசு வரை பாதி மாத்திரை 200 மி.கி., 2 வயசுக்கு மேலே முழுசு 400 மி.கி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அங்கன்வாடியிலேயே தர்றோம். பொடிச்சுத் தண்ணியில கலந்து குடுங்க. முழுசா குடுத்துப் புரையேறக் கூடாது. இரும்புச்சத்து சிரப் வாரத்துக்கு ரெண்டு நாள், தடவைக்கு 1 மி.லி. பாலோட குடுக்காதீங்க, எலுமிச்சைத் தண்ணியோ நெல்லிக்காயோ நல்லது. மலம் கறுத்து வரும், அதுக்காக நிறுத்தாதீங்க. விட்டமின் ஏ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, 5 வயசு வரைக்கும்.

புஜத்துல சுத்தற நாடா பத்தியும் சொல்றேன். 6 மாசம் முதல் 5 வயசு வரை நடுப்புஜச் சுற்றளவு 12.5 செ.மீ.க்கு மேலே பச்சை. 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்புல வர்ற பிள்ளைக்கு இந்த இழையில இருக்கிற உருண்டையும் மாவும் போதாது, அன்னைக்கே மருத்துவமனை.

பறளியாறு
ஒத்துக்கிறேன். ஆனா பள்ளியில "குட்டச்சி"ன்னு கூப்பிட்டா என்ன பண்றது?

மட்டிப்பழம்
அதை முதல்ல வீட்டுல நிறுத்துங்க. விருந்தாளி முன்னாடி முதுகோட முதுகு வச்சு அத்தை மகளோட அளந்து பாக்கறது யாரு? சின்ன உருவமா இருக்கிறதால வயசைக் குறைச்சு நடத்தறதும் ஒரு தப்பு. மூணு வயசுப் பிள்ளையை இடுப்புல தூக்கிட்டே திரியறது, ஊட்டியே விடறது. அவ தானே அள்ளிச் சாப்பிடட்டும், பாதி சிந்தட்டும்.

தக்கலைஅம்மா
காலைப் பாலை இன்னைக்கு எடுத்தாச்சு. கதவு நிலையில கோடும் போட்டாச்சு, மூணு தடவை: 91.2, 90.9, 91.1. அடுத்தது ஆறு மாசம் கழிச்சு. ஒரே ஒரு சந்தேகம், வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு நிலைக்கெல்லாம் பெயிண்ட் அடிப்போம்.

அளவுகோல்
நோட்டுல எழுதிடுங்க. தேதி, முடிஞ்ச மாசம், மூணு அளவு, சராசரி, யார் அளந்தது. நிலையில பென்சில் கோட்டுக்குப் பதிலா அடியில இருந்து 80 செ.மீ.ல ஒரு சின்ன ஆணி அடிச்சு வையுங்க. பெயிண்ட் அடிச்சாலும் அது அங்கேயே இருக்கும், அதுல இருந்து மேலே அளந்துக்கலாம்.

கொல்லங்கோடு
செவ்வாய்க்கிழமை குழித்துறை போறோம். ரெண்டு வருஷத்து அளவையும் ஒரு தாள்ல எழுதி வச்சாச்சு.

பாலர்நலம்
சொட்டு மருந்து பாட்டிலை மறக்காதீங்க.